முன்மொழியாத பெயர்

அண்ணாச்சி,

இன்று காலை தகரப்பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. டில்லியில் குளிர் வந்துவிட்டதென்று காலண்டரைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்வதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பெட்டி திறந்தால் போதும். ரஜாய், மகளின் ஸ்வெட்டர், வீட்டுக்காரரின் மிலிட்டரிக் கம்பளி எல்லாவற்றையும் எடுத்து மொட்டைமாடி வெயிலில் போட்டுவிட்டு வந்து பார்த்தால், பெட்டியின் அடியில் அந்த அரக்குநிறச் சால்வை மடிப்புக் கலையாமல் கிடந்தது. வாங்கியதிலிருந்து அதை ஒரே ஒரு நாள்தான் போர்த்தியிருக்கிறேன். எந்த நாள் என்று உங்களுக்குத் தெரியும்.

கையில் சால்வையோடு நிற்கும்போதே தமிழ் மன்றத்திலிருந்து போன் வந்தது. இப்போதைய செயலாளர் டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பையன், மரியாதையான பையன். "ஆன்ட்டி, இன்னிக்கு சாயங்காலம் அங்கிளோட கண்டோலன்ஸ் மீட்டிங். ரெசல்யூஷன நீங்க ப்ரொபோஸ் பண்ணா அச்சா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. பழைய ஆள் நீங்கதானே" என்றான். பார்க்கலாம் தம்பி என்று வைத்துவிட்டேன். அவனுக்கு என்ன தெரியும்? இரங்கல் தீர்மானத்துக்கும் ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும் என்று விதி எழுதி வைத்துவிட்டுப் போனவரே நீங்கள்தான் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

கூட்டம் நான்கு மணிக்கு. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இறந்தவரைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்பார்கள். அதைக் கூட்டத்தில் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் உங்களிடம் நேராகவே பேசிவிடுகிறேன்.

மோதி பாக் குவார்ட்டர்ஸுக்கு நான் குடிவந்தபோது என் வீட்டுக்காரருக்கு ஜோத்பூரில் போஸ்டிங். கையில் சின்னப் பெண் நித்யா, ஆபீசில் எழுத்தர் வேலை, இந்தியில் விலை கேட்கும் 'கித்னா'வுக்கு மேல் பேச வராது. திருநெல்வேலிக்காரர் ஒருவர் எதிர் பிளாக்கில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு வந்தேன். நீங்கள் கதவைத் திறந்து, "எந்த ஊரு பாக்கியம் நமக்கு?" என்று கேட்டீர்கள். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கதவைத் திறந்திருக்கிறீர்கள். தலைநகரத்தில் நம் பேச்சில் என் பெயரைச் சொன்ன முதல் ஆள் நீங்கள். அன்றைக்கு எனக்கு அண்ணாச்சி ஆனீர்கள். அதையும் மறைக்க மாட்டேன்.

உங்களுக்குச் சொற்கள் என்றால் உயிர். மன்றக் கூட்டம் முடிந்து எல்லாரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் கல்யாண மண்டபமான பராத் கர் வாசலில் வெயில் காயும்போது, யாராவது ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டால் போதும், உங்களுக்குக் கொண்டாட்டம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் கேட்டேன்: தேர்தலுக்குப் பெயர் கொடுப்பதை ஏன் முன்மொழிதல் என்கிறோம் என்று. நீங்கள் டீ ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் சொன்னீர்கள். இங்கிலீஷ்காரன் நாமினேஷன் என்கிறான், அதற்கு லத்தீனில் வேர், பெயர் என்று பொருள். இந்திக்காரன் நாமாங்கன் என்கிறான், அதுவும் பெயரைக் குறிப்பதுதான். இரண்டு பேரும் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழன் மட்டும் மொழிவதைப் பிடித்தான். பெயர் எல்லாருக்கும் இருக்கிறது, அதை எழுந்து நின்று சொல்ல ஒரு வாய் வேண்டுமே! முன் என்றால் முதலில் சொல்வது, நாலு பேர் முன்பாகச் சொல்வது. வழிமொழிதல் அதைவிடப் பழைய வார்த்தை, ஒருத்தர் சொன்னதன் வழியே தானும் போய்ச் சொல்வது. நிற்கிறவருக்கு வேட்பாளர் என்று பெயர், வேட்பு என்றால் விருப்பம். ரோமாபுரியில் அந்த ஆள் வெள்ளை உடுத்திக்கொண்டு வருவானாம், நம் முன்னோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்களாம். இப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் நீங்கள் சொன்னதுதான் எனக்கு முக்கியம்.

"ஒருத்தரு பேர முன்மொழிஞ்சிட்டா அந்தப் பேருக்கு நாம ஜாமீன். பெறவு பின்வாங்கப்பிடாது" என்றீர்கள்.

மன்றத்தின் வழக்கமும் அதற்கேற்பத்தான் இருந்தது. தாளில் எழுதிக் கொடுப்பது கிடையாது. யாரும் தன் பெயரைத் தானே சொல்லக்கூடாது. ஒருவர் எழுந்து வாயால் முழுப்பெயரைச் சொல்லி முன்மொழிய வேண்டும். இன்னொருவர் எழுந்து வழிமொழிய வேண்டும். பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து சபையைக் கும்பிட வேண்டும். ஒரு பதவிக்கு ஒருவர் ஒரு தடவைதான் எழலாம். பிறகு மேசையில் இருக்கும் பித்தளை மணியை அடித்துவிட்டால் முடிந்தது. "வேட்பாளரு வாயத் தொறக்கப்பிடாது பாக்கியம், அதான் அழகு" என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தீர்கள்.

அந்த நாட்களில் நான் ஞாயிறு காலை பராத் கர் ஹாலில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் வீட்டில் தமிழைக் காதால் கேட்கும், வாயால் இந்தியில் பதில் சொல்லும், எழுத்து என்றால் ஓடிவிடும். முறுக்கைக் காட்டி உட்காரவைத்து அ, ஆவில் தொடங்கினேன். நித்யாவும் அதில் ஒருத்தி. க வரிசை முடித்து ச வரிசைக்கு வந்திருந்தாள். அந்த நேரத்தில்தான் ஞாயிறு காலை ஹாலை டேபிள் டென்னிசுக்குக் கொடுக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு கிளம்பியது. ஹாலை யாருக்கு எந்த நேரம் என்பது செயலாளர் கையில். அதனால்தான் செயலாளர் பதவிக்கு நிற்கிறேன் என்று உங்களிடம் வந்து சொன்னேன். பதவி ஆசை எனக்குக் கிடையாது. வகுப்பு நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

நீங்கள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நான் முன்மொழியுதேன். வேற யார்ட்டயும் கேட்டு அலையாத" என்றீர்கள். நான் அலையவில்லை. வழிமொழிய மட்டும் ஆள் வேண்டும் என்று ஸ்டெல்லாக்காவைப் பிடித்தேன். நாகர்கோவில்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ், மேடை என்றாலே கைகால் உதறும். "எனக்குப் பேச வராது மக்ளே" என்றவளுக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தேன். பேசவே வேண்டாம், அண்ணாச்சி எழுந்து 'முன்மொழிகிறேன்' என்று முடிப்பார், அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்து 'நான் வழிமொழிகிறேன்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடு என்றேன். பஸ் ஸ்டாப்பில்கூட ஒத்திகை பார்த்தோம்.

சால்வை வாங்கச் சரோஜினி நகர் போனேன். உங்கள் ரோமாபுரிக் கதை நினைவுக்கு வந்து வெள்ளைச் சால்வையைத்தான் முதலில் எடுத்தேன். டில்லிப் புழுதிக்கு வெள்ளை தாங்காது என்று வைத்துவிட்டு அரக்கை எடுத்துக்கொண்டேன். கும்பிடும்போது நழுவிவிடக் கூடாதென்று வீட்டுக் கண்ணாடி முன்னால் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டுப் பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது.

கூட்டத்தன்று நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள். உங்கள் பக்கத்தில் உங்கள் ஆபீஸ் மேலதிகாரி, அண்டர் செகரட்டரி. குவார்ட்டர்ஸில் இருந்தாரே தவிர, அதற்கு முன் மன்றத்துப் பக்கம் தலைகாட்டியவர் இல்லை. டீ குடிக்க வந்திருப்பார் என்று நினைத்தேன். செயலாளர் பதவிக்குப் பெயர் சொல்லலாம் என்றார்கள். நீங்கள் எழுந்தீர்கள். தமிழின் பெருமை, தலைநகரில் தமிழனின் நிலை, தகுதியுள்ளவர் தலைமை தாங்க வேண்டிய தருணம் என்று அடுக்கிக்கொண்டே போனீர்கள். நான் சால்வையைச் சரிசெய்துகொண்டேன். பிறகு அந்த அதிகாரியின் பெயரைச் சொல்லி, "அவர்களை முன்மொழிகிறேன்" என்று முடித்தீர்கள்.

அடுத்த நொடி ஸ்டெல்லாக்கா எழுந்து, "நான் வழிமொழிகிறேன்" என்றாள்.

பாவம், அவளைச் சொல்லி என்ன? நைட் டூட்டி முடித்து நேராக வந்து, அந்த ஒரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். உங்கள் அடுக்குமொழியில் பெயர் எங்கே வந்தது, யார் பெயர் வந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வார்த்தை விழுந்தது, எழுந்துவிட்டாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்த பிறகுதான் புரிந்து மறுபடியும் எழுந்தாள். ஒரு பதவிக்கு ஒரு தடவைதான் என்று உட்காரவைத்தார்கள். சபையில் எனக்காகப் பேசக்கூடியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் என் தோழியே எழுந்து வழிமொழிந்துவிட்டாள், அண்ணாச்சியே முன்மொழிந்துவிட்டார் என்றால், நானே விலகிவிட்டேன், எல்லாம் பேசி முடித்த ஏற்பாடு என்றுதானே நினைப்பார்கள்? அப்படித்தான் நினைத்தார்கள். பிறகு பலபேர் என்னிடமே வந்து, பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தீர்கள் என்று பாராட்டினார்கள்.

"வேறு பெயர் உண்டா?" என்று கேட்டபோது நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கூரையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். குளிர்காலம், அது சுற்றக்கூட இல்லை. என் பெயர் என் நாக்கில்தான் இருந்தது. சொல்ல எனக்கு அனுமதியில்லை. மணி அடித்தார்கள்.

டீ நேரத்தில் நான் உங்கள் எதிரே வந்து நின்றேன். நீங்கள் போண்டாவைப் பிட்டுக்கொண்டே, "அடுத்த தடவ பாத்துக்கிடுவோம். வேட்பாளர்னா வேட்கை இருக்கணும் பாக்கியம், அவசரம் இருக்கப்பிடாது" என்றீர்கள். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். கழுத்தறுத்துவிட்டு அதற்குச் சொற்பொருள் விளக்கமும் சொன்ன ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

கோடை வருவதற்குள் உங்களுக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்தது. வரிசையில் உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் இருந்தார்கள் என்று ஊரே பேசியது. ஹாலில் டேபிள் டென்னிஸ் மேசை வந்து இறங்கியது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கில் சில வாரம் உட்கார்ந்து பார்த்தேன். வெயில் வந்தது, மழை வந்தது, பிள்ளைகள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. நித்யா ச வரிசையோடு நின்றாள். வீட்டில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கூட்டாளிகள் இல்லாமல் எந்தப் பிள்ளை உட்காரும்? எனக்கும் ஆபீஸ், பஸ், பால், ரேஷன். அவள் வளர்ந்துவிட்டாள்.

புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுகிறோம், வா என்று அழைத்தீர்கள். வந்தேன். ரோஷமில்லாமல் வந்தேன் என்று நினைத்திருப்பீர்கள். கேசரியும் சாப்பிட்டேன். கூடத்தில் நீங்கள் ஆண்களோடு பேசிக்கொண்டிருக்க, நான் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அங்கே மதினி இருந்தார்கள். உங்கள் மனைவியை அதுவரை நானும் எல்லாரையும் போலத்தான் அறிந்திருந்தேன், அண்ணாச்சி வீட்டம்மா என்று. பொங்கல் விழாவுக்கு நூறு பேருக்குச் சமைப்பார்கள், கூட்டத்துக்கு அவர்கள் வீட்டுக் காபிதான் வரும், ஆள் வரமாட்டார்கள். அன்று என் கையில் இன்னொரு கரண்டி கேசரியை வைத்துவிட்டு, மதினி மெல்லச் சொன்னார்கள்: "அவுக செஞ்சது சரியில்லட்டி. எனக்கு இந்த வீட்ல கால் வைக்கவே கூசுது."

அன்றிலிருந்து நான் உங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் அவர்களுக்காகத்தான். வெள்ளிக்கிழமைகளில் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு ஒன்றாகப் போவோம். படியேறும்போது மூச்சு வாங்க உட்காருவோம். அப்படி ஒரு நாள்தான் அவர்கள் பெயர் என்னவென்று கேட்டேன். மதினி சிரித்துவிட்டார்கள். டில்லிக்கு வந்தபிறகு அதைக் கேட்ட முதல் ஆள் நான் என்றார்கள். செண்பகவடிவு. நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'ஏளா', 'இந்தா', அதுவும் இல்லாவிட்டால் ஒரு செருமல். அவர்களும் உங்கள் பெயரைச் சொல்வதில்லை, அது நம் பக்கத்து வழக்கம். ரேஷன் கடையில் கார்டு யார் பெயரில் என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்ப்பார்கள். நான் சொல்வேன். அப்போதெல்லாம் உங்கள் பெயரை நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

வருடங்கள் போயின. அந்த அதிகாரி வேறு அமைச்சகத்துக்குப் போய், குவார்ட்டர்ஸையும் மாற்றிக்கொண்டு போனார். டேபிள் டென்னிஸ் மேசை மேல் பழைய நாற்காலிகளை அடுக்கினார்கள். தலைவராக இருந்த பெரியவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போகத் தலைவர் பதவி காலியாயிற்று. உங்களுக்கும் அது கடைசி வருடம். மன்றத் தலைவர் என்ற பெயரோடு ரிட்டயர் ஆக வேண்டும், ஹால் சுவரில் படம் மாட்ட வேண்டும் என்ற ஆசை உங்கள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வேட்கை இருந்தது, அண்ணாச்சி. அவசரமும் இருந்தது.

அந்த வாரம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தீர்கள். காபி கொடுத்தேன். நித்யா அப்போது காலேஜ் சேர்ந்திருந்தாள். மேசையில் கிடந்த தமிழ்ப் பத்திரிகையை நகர்த்திவிட்டு இங்கிலீஷ் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நீங்கள் அதைப் பார்த்தீர்களோ இல்லையோ, நான் பார்த்தேன். "நீ முன்மொழிஞ்சா எதுத்து ஒரு பய நிக்க மாட்டான். பழசெல்லாம் மறந்தாச்சுன்னு நாலு பேருக்கும் தெரியும்லா" என்றீர்கள்.

மறந்தாச்சு என்று நீங்களே முடிவு செய்துகொண்டு வந்திருந்தீர்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் தமிழில் உண்டு. அதன் வேரையும் நீங்கள் அறிவீர்கள். அது மட்டும் உங்கள் வாயில் வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சில சமயம் யோசிப்பேன். அநேகமாக அழுதுவிட்டு உங்களையே முன்மொழிந்திருப்பேன்.

"ஞாயித்துக்கிழம நான் எந்திச்சுப் பேரு சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன். யார் பெயர் என்று நீங்கள் கேட்கவில்லை. நான் பொய் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளி. யார் பெயரைச் சொல்லப்போகிறேன் என்று மலை மந்திர் படியில் மதினியிடம் சொன்னேன். சொல்லிமுடித்ததும் அவர்கள் கீழே ரிங் ரோட்டில் போகும் பஸ்களின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். உங்கள் கௌரவத்தை நினைத்துத் தயங்குகிறார்கள் என்று நினைத்தேன். அதுவும் இருந்திருக்கலாம். "எம் பேரச் சொன்னா அங்கன யாருக்குத் தெரியும்?" என்றார்கள். சொன்னபிறகு தெரியும் மதினி என்றேன். "அவுக எதுத்து நின்னா?" என்றார்கள். ஒங்களுக்கு எதுத்து அவுகளை எவன் முன்மொழிவான், பாப்போம் என்றேன். அதற்கு அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியாகக் கேட்டதுதான் என் நெஞ்சில் நின்றது.

"பிள்ளைகளுக்கு மறுபடி வகுப்பு வைக்கலாமாட்டி?"

வைக்கலாம் என்றேன். சரி சொல்லு என்றார்கள்.

அன்றைய கூட்டத்துக்கு நீங்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தீர்கள். வெள்ளை! ரோமாபுரி உங்களுக்கு நினைவிருந்ததோ என்னவோ. பெண்கள் வரிசையில் மதினி வந்து உட்கார்ந்ததை, காபிப் பாத்திரத்தோடு வந்திருக்கிறார்கள் என்று நீங்கள் நினைத்திருக்க வேண்டும். தலைவர் பதவிக்குப் பெயர் சொல்லலாம் என்றதும் நான் எழுந்தேன். எனக்கு அடுக்குமொழி வராது. "தலைவர் பதவிக்குத் திருமதி செண்பகவடிவு அவர்களை முன்மொழிகிறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அந்த வார்த்தை விழுந்ததும் நீங்கள் எழுந்து கைகூப்பிவிட்டீர்கள், அண்ணாச்சி. ஸ்டெல்லாக்கா செய்த அதே தப்பு. காதில் பெயர் விழவில்லை. உங்களுக்கு வேண்டிய வார்த்தை மட்டும் விழுந்தது. கைகூப்பியபடி இடதுபக்கம் ஒரு தடவை, வலதுபக்கம் ஒரு தடவை திரும்பினீர்கள். சபையில் யாரும் கைதட்டவில்லை. யாரந்த செண்பகவடிவு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது பெண்கள் வரிசையில் மதினி எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சபையைக் கும்பிட்டார்கள். ஹாலில் இரண்டே பேர் கும்பிட்டபடி நின்றீர்கள். புருஷனும் பெண்டாட்டியும். பின்வரிசையில் யாரோ, "அண்ணாச்சி, நீங்க உக்காருங்க, வீட்டம்மாவத்தான் சொல்லுதாக" என்றார்கள். அந்தக் குரல் இன்றைக்கும் எனக்குத் தேனாக இனிக்கிறது. ஒளிக்க மாட்டேன்.

ஸ்டெல்லாக்கா எழுந்து, பெயரையும் சேர்த்து நிறுத்தி நிதானமாக வழிமொழிந்தாள். தன் கணக்கையும் அவள் அன்று தீர்த்துக்கொண்டாள். வேறு பெயர் உண்டா என்று கேட்டார்கள். உங்களை முன்மொழிய நீங்கள் ஏற்பாடு செய்த ஆள் நான்தான்; நானோ ஒரு தடவை எழுந்தாகிவிட்டது. மற்றவர்கள் உங்கள் முகத்தையும் மதினி முகத்தையும் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். மனைவிக்கு எதிராகப் புருஷனை முன்மொழிகிற துணிச்சல் நம் சபையில் யாருக்கு வரும்? நீங்களே உங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. வேட்பாளர் வாயைத் திறக்கக்கூடாது, அதுதான் அழகு. உங்கள் பெயர் உங்கள் நாக்கில் துடித்ததை நான் பார்த்தேன். மணி அடித்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் நீங்கள் நடுரோட்டில் நின்று, "செண்பகவடிவு!" என்று கத்தினீர்களாம். மதினி எனக்கு மறுநாள் சொன்னார்கள். "கல்யாணமாயி இத்தன வருசத்துல இன்னைக்குத்தாண்டி பேரச் சொன்னாக. கோவத்துல சொன்னாக, இருந்தாலும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தார்கள். ஒரு நல்ல காரியத்தை உங்கள் கையாலேயே செய்யவைத்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது.

மதினி தலைவரான மாதமே ஞாயிறு வகுப்பு தொடங்கியது. மேசையை ஓரங்கட்டினோம். நீங்கள் ரிட்டயர் ஆகித் துவாரகாவில் மகன் பிளாட்டுக்குப் போனீர்கள். மெட்ரோ வந்த பிறகு மதினி அதில் ஏறி வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார்கள், நீங்கள் மட்டும் வரவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்காரும்படி ஆயிற்று. எழுந்து போய்விடுவீர்கள் என்று பார்த்தேன். இலையைப் பார்த்தபடி, "கணக்குத் தீந்துச்சா பாக்கியம்?" என்று கேட்டீர்கள்.

"இல்ல அண்ணாச்சி" என்றேன்.

எனக்குத் திருப்தியில்லை என்று நினைத்திருப்பீர்கள். பொல்லாதவள் என்று நினைத்திருப்பீர்கள். என் மகளுக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, குர்கானில் வேலை. நான் எழுதும் இந்த மடலை அவளால் வாசிக்க முடியாது. ஹாலில் ஒரு மேசையை ஓரங்கட்டிவிடலாம், ஒரு பிள்ளையின் எட்டு வயதை யார் திருப்பிக் கொண்டுவருவார்? அதற்கு ஈடாக நான் உங்களை எத்தனை சபைகளில் கும்பிட்டபடி நிற்கவைத்தாலும் போதாது. சொல்லியிருக்கலாம், பந்தியில் உங்கள் இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

மணி மூன்றரை. கிளம்புகிறேன். அரக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் வரப்போகிறேன். எழுந்திருப்பேனா, மாட்டேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கூட்டம் முடிந்து வந்துவிட்டேன், அண்ணாச்சி.

மேசையில் உங்கள் படத்துக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். கடைசியில் ஹாலுக்குள் உங்கள் படம் வந்துவிட்டது. பேசியவர்கள் எல்லாரும் உங்கள் சொல்லாராய்ச்சியைப் புகழ்ந்தார்கள். தீர்மானம் என்றதும் அந்தப் பையன் என் பக்கம் திரும்பினான். சபையும் திரும்பியது. நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். உங்கள் பெயர் என் நாக்குவரை வந்தது. என் பெயரை நீங்கள் சொல்லுகிறவரை உங்கள் பெயரைச் சபையில் சொல்வதில்லை என்று அந்த டீ நேரத்திலேயே எனக்குள் முடிவெடுத்திருந்தேன். இனி நீங்கள் சொல்லப்போவதில்லை.

அப்போது என் பக்கத்திலிருந்து மதினி எழுந்தார்கள். கணவன் போன வீட்டுப் பெண் இத்தனை சீக்கிரம் வெளியே வரலாமா என்று சிலர் முணுமுணுத்ததையும் மீறித்தான் வந்திருந்தார்கள். "நானே சொல்லுதேன் தம்பி" என்றார்கள். மைக்கை வாங்கவில்லை. அப்பா பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து உங்கள் முழுப்பெயரைச் சொன்னார்கள், அண்ணாச்சி. திக்கவில்லை. ரேஷன் கடையில்கூடச் சொல்லாத பெயரை உங்கள் படத்தைப் பார்த்து நாலு பேர் முன்னால் சொல்லி, "அவுக மறைவுக்கு இந்த மன்றம் இரங்கல் தெரிவிக்கணும்னு முன்மொழியுதேன்" என்று முடித்தார்கள். நான் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அது உங்களுக்காக இல்லை.

வழிமொழிய வேண்டும். யாரும் எழவில்லை. நான் எழுந்தேன். "வழிமொழிகிறேன்" என்றேன். ஒரே சொல், பெயர் இல்லாமல். ஒருத்தர் சொன்னதன் வழியே போவதுதான் வழிமொழிதல் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். நான் மதினியின் வழியே போனேன்.

ஞாயிறு வகுப்பு இப்போதும் நடக்கிறது. துக்கம் கழிந்ததும் மதினி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் முதல் நாள் எழுந்து நின்று தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லவைத்த பிறகுதான் அ எழுதவைப்போம். யாராவது முன்மொழிவார்கள் என்று அதுகள் காத்திருக்க வேண்டாம். சால்வையை மறுபடி பெட்டியில் வைக்கவில்லை, கொடியில் போட்டிருக்கிறேன்.

இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். மதினி பெயர் இருக்கிறது, ஸ்டெல்லாக்கா பெயர் இருக்கிறது, நீங்கள் சொல்லாமல் விட்ட என் பெயரும் இருக்கிறது. உங்கள் பெயர் எங்காவது இருக்கிறதா, தேடிப் பாருங்கள்.

பாக்கியம்